ஐநூற்று முப்பத்தொன்றும் ஒரு மஞ்சள் முடிச்சும்

1982 ஜூன் 14, திங்கட்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். அக்னி நட்சத்திரம் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேலாகியும் வெக்கை இறங்கவில்லை. மேற்கேயிருந்து வறட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. திருத்தணி மலை புழுதிக்குள் மங்கலாகத் தெரிந்தது. மழை வரும் என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் மனைவியின் தம்பி பள்ளிப்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து, என் காப்பி டம்ளர் இருந்த ஸ்டூலின் மேல் வைத்தான்.

"இன்னாது இது?" என்றேன்.

"துணி, பாவா."

"அது தெரியுது."

"இதுல அஞ்சாயிரம் முடிஞ்சு குடுத்தா புள்ளைக்கு மெட்ராஸ் காலேஜ்ல சீட்டு. கெடைக்கலன்னா முடிச்ச அப்பிடியே வாங்கிகினு வந்துடலாம். ஒரு பைசா போவாது."

அவனுக்குப் பள்ளிப்பட்டில் எட்டு பவர்லூம் இருந்தன. ஒரு தறி ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மொத்தத்தில் லாபம் என்பான். இப்படிப்பட்டவர்களோடுதான் நான் சம்பந்தம் செய்துகொண்டேன்.

நான் அப்போது சார்நிலைக் கருவூலத்தில் கணக்கர். அறுபதாம் வருஷம் எங்கள் தாலுகா ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் மாறியபோது குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். இரண்டு மாநிலத்துக் கணக்குகளையும் சேர்த்து வைத்துச் சரிபார்த்ததில் என் கண் கெட்டதுதான் மிச்சம். அன்றிலிருந்து எதையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். வீட்டில் இதற்குக் குணக்கேடு என்று பெயர்.

என் ஒரே மகன் அந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருந்தான். கணக்கு, பௌதிகம், ரசாயனம் மூன்றும் சேர்த்து அறுநூறுக்கு ஐநூற்று முப்பத்தொன்று. சென்னையில் இருந்த பழைய இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரிகல் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் தாலுகா முழுவதிலிருந்தும் வருஷத்துக்கு நாலைந்து பேர் அங்கே போனால் அதிகம். பணம் கட்டிச் சேரும் தனியார் கல்லூரிகள் எங்கள் பக்கம் அப்போது வந்திருக்கவில்லை. கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., அப்புறம் சர்வீஸ் கமிஷன் பரீட்சை, அப்புறம் என்னைப் போல ஒரு நாற்காலி. அந்த நாற்காலியின் மூட்டைப்பூச்சி தினமும் என்னோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததால் அது எப்படிப்பட்டது என்று அவனுக்கும் தெரியும்.

மார்க்கை மட்டும் பார்த்து எடுப்பதாக இருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். நேர்முகத்துக்கும் தனி மார்க் வைத்திருந்தார்கள். முந்தைய வருஷம் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு ஐநூற்றுப் பத்தொன்பதிலேயே இடம் கிடைத்தது. கனகம்மாசத்திரத்துப் பையன் ஒருவனுக்கு ஐநூற்று இருபத்துநான்கு இருந்தும் கிடைக்கவில்லை. இரண்டு பேரையும் தேடிப் போய்க் கேட்டேன். முதல் பையன் உள்ளே போய்க் கேட்டதற்கெல்லாம் பேசியிருக்கிறான். இரண்டாவது பையன் மூன்று தடவை "தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். என் மகன் இரண்டாவது ரகம். தெரியாதவர் யாராவது வாசலில் நின்று "சார் இருக்காரா" என்றால்கூடப் பதில் சொல்லாமல் உள்ளே ஓடிவந்து என்னை அனுப்புகிறவன். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அவனுக்கு வாய்ப்பு பத்துக்கு ஆறு என்று வந்தது. அவன் கேட்டான், சொன்னேன்.

"ஆறா, நைனா?"

"ஆறு. நல்லா பேசினா ஏழு."

அவன் எழுந்து போய்விட்டான். அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்: "புள்ள கேட்டா பத்துன்னு சொல்லக் கூடாதா? உங்க கஜானாலேருந்தா எடுத்துக் குடுக்கறீங்க?"

இந்த நிலையில்தான் மஞ்சள் துணி வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கத்தில் எதற்கும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பது வழக்கம். குழந்தைக்கு ஜுரம் இறங்கவில்லை என்றால் ஒன்றேகால் ரூபாயை முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைப்பார்கள். குணமானதும் மலைக்குப் போய் அவிழ்த்து உண்டியலில் போடுவார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மலையடிவாரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிழைப்பு நடத்தினார். கோயிலில் அவருக்கு எந்த வேலையும் கிடையாது. சென்னையிலிருந்து காரில் வருகிறவர்களைக் கூட்டத்தில் நசுங்காமல் மேலே அழைத்துப் போய் இறக்கிக் கொண்டுவருவார். அப்படிப் பழகியதில் காலேஜ் நேர்முகத்தில் உட்காருகிற பெரியவர் ஒருவர் தனக்கு வேண்டியவர் என்று சொல்லிக்கொண்டார். அந்தப் பெரியவர் கிருத்திகை தவறாமல் வருவாராம். யாரும் அவரைப் பார்த்ததில்லை.

பெற்றவர்கள் ஐயாயிரம் ரூபாயைத் தங்கள் கையாலேயே எண்ணி, தங்கள் கையாலேயே முடிச்சுப் போட்டு, பேரெழுதிய காகிதச் சீட்டைக் குத்தி அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை டிரங்குப் பெட்டியில் வைப்பார். சீட்டு கிடைத்தால் பூஜை போட்டு முடிச்சை அவிழ்ப்பார், பணம் சென்னைக்குப் போகும் என்பார். கிடைக்காவிட்டால் அதே முடிச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். முந்தைய வருஷம் பதினோரு முடிச்சு. நாலு அவிழ்ந்தது, ஏழு திரும்பி வந்தது. அந்த ஏழு பேரும் அவரைத் தெய்வம் என்றார்கள்.

ஏழு பேரில் ஒருவர் அரிசி மண்டிக்காரர். அந்த வாரம் அரிசி வாங்கப் போயிருந்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

"அக்கவுண்டன்ட் சார், நீங்க இன்னும் முடியலையாமே?"

"நான் எதுக்கு முடியணும்?"

"போன வருஷம் என் பையனுக்கு முடிஞ்சேன். கெடைக்கல. கூப்ட்டு அனுப்பி, இந்தாங்கன்னு கைல குடுத்துட்டாரு. நான் போட்ட முடிச்சு சார். ஒண்ணு மேல ஒண்ணா மூணு முடிச்சு போட்டிருந்தேன். தொட்டதுகூட இல்ல. இந்தக் காலத்துல அப்பிடி ஒரு மனுஷன் கெடைப்பானா?"

"அவிழ்க்கவே இல்லையா?"

"மலை மேல ஆணையா."

"அப்ப மெட்ராஸ்ல யாருக்கு இன்னா குடுத்தாரு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சீட்டு வந்தப்புறம்தான் சார் அவங்களுக்குக் குடுக்கறது."

"சரி. பதினோரு பேரும் ஒரே தொகைதானே முடிஞ்சீங்க? வாங்கறவனுக்கு எல்லாம் ஒரே பணம்தானே? அப்புறம் ஏன் நாலு பேருக்கு மட்டும் சீட்டு குடுத்தான்? அதுவும் பதினோரு பேர்ல மார்க் அதிகம் இருந்த நாலு பேருக்கு?"

"அது அவங்கவங்க கொடுப்பினை."

"கொடுப்பினைன்னா முடிச்சு எதுக்கு?"

அவர் கோணியிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றார். "கனகம்மாசத்திரத்துப் பையன் ஐநூத்தி இருபத்துநாலு. அவுங்கப்பன் முடியல. கெடைக்கல. உங்க தெருப் பையன் ஐநூத்திப் பத்தொம்போது. முடிஞ்சாங்க. கெடைச்சுது. இத உங்க கணக்குல எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

மண்டியில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். மூட்டை தைத்துக்கொண்டிருந்தவன்கூட ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"அது நேர்முகத்துல வந்த வித்தியாசம்" என்றேன்.

"ஆங். அந்த நேர்முகத்ததானே சார் அவரு பாத்துக்கறாரு."

மென்ற அரிசி மாவு அவர் கடைவாயில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் பொய் என்றால் எங்காவது ஓட்டை இருக்கும். இது எல்லாப் பக்கமும் மூடிய பொய். மூடியவர் மாடி அறைக்காரர் இல்லை. பணம் கொடுத்தவர்களே ஆளுக்கு ஒரு பக்கமாக மூடி வைத்திருந்தார்கள். முடிச்சை அவிழ்க்காமல் கொடுத்தார் என்பது அவர் ஒன்றுமே செய்யவில்லை என்பதற்கு அத்தாட்சி. அதையே யோக்கியதைக்கு அத்தாட்சியாக்கி மண்டியில் உட்கார்ந்துகொண்டு விற்றார்கள்.

மைத்துனன் விடவில்லை. மறுபடி வந்தபோது, ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று என்னை அந்த மாடிக்கு இழுத்துப் போனான். முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்றுதான் நானும் போனேன்.

அறையில் ஊதுவத்திப் புகையும் ஈரத் துண்டின் முடைநாற்றமும் கலந்து அடித்தது. பெட்டி திறந்தே இருந்தது. உள்ளே பதினேழு முடிச்சுகள். அவர் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, நகங்களைச் சுத்தமாக வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நகங்களைப் பார்த்தபோது வந்த அருவருப்பு அழுக்கு நகத்தைப் பார்த்தால்கூட எனக்கு வந்திருக்காது. பிரசாதம் என்று ஒரு தட்டை நீட்டினார். பஞ்சாமிருதத்தில் ஓர் ஈ கால் சிக்கி நெளிந்துகொண்டிருந்தது. மைத்துனன் ஈயை விரலால் தள்ளிவிட்டு எடுத்து நக்கினான்.

"சார் கஜானாவுல இருக்கறவரு. கணக்கு சொல்லி நம்ப வைக்க எனக்கு வராது" என்றார் அவர்.

"பணம் யாருக்குப் போவுது?"

"அத கேக்கக் கூடாதுங்க. கேட்டா வேலை நடக்காது."

"நீங்க ஒண்ணுமே செய்யாம இங்கேயே உக்காந்திருந்தாலும் அதே நாலு பேருக்குத்தானே கெடைச்சிருக்கும்?"

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இருக்கலாம் சார். நான் செய்யாம இருந்து பாத்ததில்ல."

மைத்துனன் தொடையில் தட்டிச் சிரித்தான். நான் எழுந்துவிட்டேன். படியிறங்கும்போது அவன் பின்னாலேயே வந்தான்.

"பாவா, நீங்க ஆறுன்னு சொன்னீங்களாமே. மீதி நாலுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குப் பேர்தான் மீதி."

"அந்த மீதிக்குத்தான் பாவா இந்த ஆளு."

"முடிச்சவிக்கிப் பயல்" என்றேன்.

"அவிழ்க்கறதே இல்லையே பாவா அவரு. அதானே அவரு நேர்மை."

நான் வீட்டுப் பக்கம் நடந்தேன். அவன் பஸ்ஸேறிப் போனான். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மகனை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். பதில் எல்லாம் தெரிந்தது. ஆனால் பாயைப் பார்த்துப் பதில் சொன்னான். தலையைத் தூக்கு என்றால் தூக்குவான், தூக்கியதும் பதில் மறந்துவிடும். ஒரு நாள் என் அலுவலகத்துச் சூப்பரின்டெண்டை வீட்டுக்கு அழைத்து வந்து கேட்கச் சொன்னேன். பையன் கொல்லைப் பக்கமாகப் போனவன் அவர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும் வரை வரவில்லை. ஆறு, ஐந்தாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இதை அவனிடம் சொல்லவில்லை.

ஜூலையில் நேர்முகம் வந்தது. விடியற்காலையில் கிளம்பி அரக்கோணத்தில் வண்டி மாறிச் சென்னைக்குப் போனோம். கல்லூரி வராந்தாவில் எங்களைப் போல நூற்றுக்கணக்கான அப்பன்களும் பிள்ளைகளும். பாதிப் பேர் நெற்றியில் ஏதோ ஒரு கோயில். அத்தனை பேரும் பக்கத்தில் இருப்பவனிடம் மார்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குறைவாகச் சொன்னால் முகம் மலர்ந்தது, அதிகமாகச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போனார்கள். நானும் அதைத்தான் செய்தேன். வேர்வையும் தலைக்கு வைத்த எண்ணெயும் பொட்டலத்தில் புளித்துப்போன தயிர்ச்சோறும் சேர்ந்து அந்த வராந்தா முழுக்க ஒரே நாற்றம். ஒருவர் பிள்ளை இன்னொருவர் பிள்ளையைவிட மக்காக இருக்க வேண்டும் என்ற வேண்டுதலின் நாற்றம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

என் மகன் உள்ளே போய்த் திரும்பி வந்தபோது அவன் நடையே வேறாக இருந்தது.

"இன்னா கேட்டாங்க?"

"டிரான்ஸ்ஃபார்மர் எப்படி வேலை செய்யும்னு. சொன்னேன். அதுல நஷ்டம் எங்கெங்க வரும்னு. அதையும் சொன்னேன். அப்புறம் ஒருத்தர், திருத்தணியா, கிருத்திகைக்குக் கூட்டம் எப்படி இருக்கும்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நீங்க வந்தா காலைல வாங்க சார், சாயங்காலம் ஏற முடியாதுன்னேன். சிரிச்சாரு."

அவன் அப்படிப் பேசினான் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரிடம், தலை நிமிர்ந்து, கேட்காததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். அன்று வண்டியில் திரும்பும்போது என் மனதில் கணக்கு எட்டுக்கு ஏறியிருந்தது. மணவூர் தாண்டியதும் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவன் சாதாரணமாகக் கேட்டான்:

"நைனா, அவர்தான் மலைக்கு வர்றவரா?"

"யார் மலைக்கு வர்றது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கடலைத் தோலை ஊதிவிட்டான். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். மகன் நன்றாகப் பேசிவிட்டான் என்ற சந்தோஷத்தில் மற்றது எதுவும் காதில் ஏறவில்லை.

கல்லூரியிலிருந்து கார்டு ஆகஸ்டில், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தோடு வந்தது. தெரு முழுக்கக் காவடி, மொட்டை, எச்சில் இலை, அதன் மேல் ஈ. தபால்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். எலக்ட்ரிகல் கிடைத்திருந்தது. நான் அதை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் மைத்துனன் மாலையோடு வந்துவிட்டான். மாலை என் மகனுக்கு என்று நினைத்தேன். இல்லை, மாடி அறைக்காரருக்குப் போடப் போகும் வழியில் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறான்.

"நேத்தே காலேஜ்ல லிஸ்ட் ஒட்டிட்டாங்களாம். முடிச்ச அவிழ்த்தாச்சு பாவா."

"எந்த முடிச்சு?"

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள். அவளுக்குத் தெரியும். ஜூன் மாதமே, நான் மாடியிலிருந்து இறங்கி வந்த மறுநாளே, தறியை ஈடு வைத்து இரண்டு வட்டிக்கு ஐயாயிரம் வாங்கி, என் பேரைச் சீட்டில் எழுதிக் குத்திக் கொடுத்திருக்கிறான். என் மகனையும் அழைத்துப் போய் முடிச்சைத் தொடவைத்திருக்கிறான். அரசாங்கக் கஜானாவில் வேலை பார்க்கிறவன் பேரில், லஞ்சம் என்று ஊரெல்லாம் தெரிந்த ஒரு பணம், பேரெழுதிய சீட்டோடு, இரண்டு மாதம் ஒரு திறந்த பெட்டியில் கிடந்திருக்கிறது. யாராவது ஒரு மொட்டைக் கடிதாசி போட்டிருந்தால் என் வேலை போயிருக்கும். இதைச் சொன்னேன்.

"யாரும் போடல இல்ல? சீட்டு வந்துச்சு இல்ல?" என்றான்.

அன்று மத்தியானமே அந்த மாடிக்குப் போனேன். அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பெட்டியில் பாதி காலியாக இருந்தது.

"என் பையன் மார்க் ஐநூத்தி முப்பத்தொண்ணு" என்றேன். "நேர்முகத்துல அவனே பேசினான். நீங்க இன்னா செஞ்சீங்க?"

"நல்ல பையன் சார்" என்றார். "அதனாலதான் என்னால முடிஞ்சுது."

"பணம் யாருக்குப் போச்சு?"

"போக வேண்டிய எடத்துக்குப் போச்சு."

அவர் சட்டை போட்டிருக்கவில்லை. மைத்துனன் போட்ட மாலையின் ஈரம் அவர் மார்பில் இன்னும் இருந்தது. போலீசுக்குப் போகலாம் என்றால் முடிச்சில் குத்திய சீட்டில் இருப்பது என் பேர். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. "காப்பி சொல்லட்டுமா சார்?" என்று கேட்டார்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் தெருவில் சொல்லி முடித்திருந்தார்கள். வந்தவர்கள் யாரும் என் மகனைப் பார்த்து "நல்லா படிச்ச" என்று சொல்லவில்லை. "கணக்கர் ஊரெல்லாம் நியாயம் பேசிகினு, கமுக்கமா முடிஞ்சுட்டாரு பாரு" என்றுதான் சொன்னார்கள். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை, மெச்சித்தான் சொன்னார்கள். அரிசி மண்டிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது. "நம்பாதவரே நம்பிட்டீங்க, இனிமே யார் பேசுவா?" என்றார். வீட்டுக்குள் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

மைத்துனன் பணத்தைக் கேட்டான். நான் முடியச் சொல்லவில்லை, தர மாட்டேன் என்றேன். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். நான் பணம் கொடுத்தால் அந்த ஆள் வேலை செய்தான் என்று நானே ரசீது கொடுத்த மாதிரி. ஐநூற்று முப்பத்தொன்று என் மகன் வாங்கியது. அது அவனுடையதாகவே இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு. அதற்காக வட்டி ஏறினாலும் ஏறட்டும் என்று இருந்தேன்.

அவனை விடுதியில் சேர்க்கப் போகும் நாள் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தோம். அவன் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நைனா, மாமாவுக்குக் காசைக் குடுத்துடுங்க."

"எதுக்கு? அந்த ஆளு ஒண்ணுமே பண்ணல. நீயா வாங்கின சீட்டு இது."

"நீங்க ஆறுதானே சொன்னீங்க."

"நீ பேசினதுல அது எட்டாச்சு."

"நான் ஏன் பேசினேன்?" என்றான். "மாமா என்னக் கூட்டிகினு போயி முடிச்சத் தொட வெச்சாரு. எல்லாம் முடிஞ்சுபோச்சுடா, நீ போய் உக்காந்துட்டு வந்தா போதும்னாரு. அதனால எனக்கு பயமே இல்ல. அவங்க யார் எவர்னே தோணல. இல்லன்னா நான் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருப்பேன். உங்களுக்கும் அது தெரியும்."

எனக்குத் தெரியும்தான். சூப்பரின்டெண்ட் வந்த அன்று கொல்லையில் ஒளிந்த பையன் இவன். அவன் சொன்னதை நான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. அந்த ஆள் சென்னைக்கு ஒரு தபால் கார்டுகூடப் போட்டிருக்க மாட்டான். என் மகனுக்குள் இருந்த தைரியத்தை எடுத்து, ஒரு துணியில் முடிந்து, என் மகனுக்கே ஐயாயிரத்துக்கு விற்றிருக்கிறான். அதை நான் இலவசமாகக் கொடுத்திருக்கலாம். பத்து என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால் இவன் நம்பியிருப்பானா என்பது வேறு. என் வாயிலிருந்து பத்து வந்தால் யார் நம்புவார்கள்?

வண்டி வந்தது. அவன் டிரங்குப் பெட்டியை ஏற்றிக்கொண்டான். பொறியியல் படித்து மின்வாரியத்தில் வேலைக்குப் போன பிறகும், எப்படிச் சீட்டு கிடைத்தது என்று யார் கேட்டாலும் "எங்க மாமா பாத்துக்கினாரு" என்றுதான் சொல்வான். இரண்டு தடவை என் எதிரிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். மார்க்கைச் சொல்வதே இல்லை. அவனுக்கு அது மறந்தே போயிருக்கலாம்.

மறு வருஷம் அந்தப் பெட்டியில் முப்பத்தொரு முடிச்சு விழுந்ததாகச் சொன்னார்கள். கருவூலக் கணக்கரே வாய் மூடிவிட்டார் என்பதுதான் அந்த வருஷத்து விளம்பரம். முன்பின் தெரியாதவர்கள் வாரத்துக்கு ஒருவராக அலுவலகத்துக்கு வந்து கவுண்டரில் தலையை நீட்டி, "சார், நம்பிக் குடுக்கலாங்களா?" என்று கேட்டார்கள். குடுக்காதீங்க என்றேன். தனக்குக் கிடைத்துவிட்டது, அடுத்தவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று பார்க்கிறான் என்று பேசிக்கொண்டு நேரே அந்த மாடிக்குப் போனார்கள். பிறகு கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். அங்கே சாக்கடை ஒன்றும் கிடையாது.

மைத்துனன் கடனை அடைக்க முடியாமல் ஒரு தறியை விற்கப் போகிறான் என்று என் மனைவி பல மாதம் கழித்து வாயைத் திறந்து சொன்னாள். சேமநல நிதியில் முன்பணம் கேட்டு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் மகனின் படிப்பு என்று போட்டேன். எழுதும்போது கை கூசியது. 1983 மார்ச்சில் பணம் வந்தது. மைத்துனன் அதே பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து உட்கார்ந்து, நான் எண்ணுவதை வேடிக்கை பார்த்தான். அசல் ஐயாயிரம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வீதம் ஒன்பது மாத வட்டி தொள்ளாயிரம். எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகு, எழுந்திருக்காமல் இன்னும் ஏதோ சொல்ல இருப்பவன்போல உட்கார்ந்திருந்தான். இன்னும் இன்னா என்றேன். முடிச்சு அவிழ்த்த அன்று பூஜைக்குத் தேங்காய், பழம், கற்பூரம் தன் கைக்காசில் வாங்கியது பதினோரு ரூபாய் நாற்பது பைசா என்றான். அதையும் கொடுத்தேன். மொத்தம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு ரூபாய் நாற்பது பைசா.